வடக்கு வழிக் கேசு

கோர்ட்டுக்குப் போக ஒரு நியாயம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அந்த நியாயத்தை அங்கே யாரும் உடனே கேட்பதில்லை என்று. கேட்கிற நாள் வரும்வரை நாம் நிற்கவேண்டும். நான் நின்றேன். எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் பாதியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம், ரோட்டுக்கும் ஓடைக்கும் நடுவே பனையும் பிலாவும் நிற்கிற ஒரு விளையில், தோட்டத்தில். வீடு கிழக்குப் பார்த்தது. வடக்கே போனால் ரோடு, தெற்கே போனால் ஓடை. ரோட்டுக்குப் போகிற வழி வடக்கு விளை வழியாகத்தான். அந்த விளை என் கொழுந்தனுடையது, என் கணவருக்குச் சித்தப்பா மகன். வழி என்றால் பெரிய வழி இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாம். நான் கல்யாணம் ஆகி வந்ததும் அந்த வழியாகத்தான்.

என் கணவர் பனையேறி. பாதிப் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. அதன் பிறகு அவருக்கு உலகம் முன் அறையில் கிடந்த கட்டில்தான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர், முதுகுப் புண் ஆறவேண்டுமானால் அவரை அடிக்கடி கொண்டுவந்து காட்டவேண்டும் என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஒருநாள் காலையில் பார்த்தால் வடக்கு வழியில் வேலி நிற்கிறது. வேலிக்கு அப்பால் வழி முழுக்கக் கொத்தி மரச்சீனிக் கம்பு, மரவள்ளிக் கம்புதான், நட்டிருந்தது.

வேலியோரம் போய்க் கேட்டேன். கொழுந்தன் கோபப்படவெல்லாம் இல்லை. "அண்ணனுக்கு இனி வழி எதுக்கு மைனி? நடக்கவா போறாரு? நீங்க வேணும்னா ஓடைவரம்பு வழியா போங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். நான் உள்ளே வந்தபோது கட்டிலில் கிடந்தவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். கேசு போடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்கு முன் கோர்ட்டு கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது.

ஓடைவரம்பு ஒரு ஆள் நடக்கிற அகலம். மழைக்காலத்தில் அதுவும் வழுக்கும். ஒருதடவை அந்த வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தோம். தூக்கினவர்கள் சறுக்கி, நாற்காலியோடு அவர் ஓடையில் விழுந்தார். வெளியே எடுத்தபோது, "இனி என்னை எங்கயும் கொண்டுபோவாண்டாம்" என்றார். புண் ஆறவில்லை. வாசனை வரத் தொடங்கியது. ஆகவே எனக்கு வேண்டியது அந்த வழிதான். மண்ணு வேண்டாம், மரம் வேண்டாம், கொழுந்தனைத் தோற்கடிக்கவும் வேண்டாம். நாற்காலி போகிற அகலம் போதும்.

வக்கீல் மலையாளத்துக்காரர், நல்ல மனுஷன், எப்போது பார்த்தாலும் தூங்கி எழுந்தவர் மாதிரி இருப்பார். கொழுந்தன் தரப்பு என்ன சொல்கிறது என்று அவர்தான் விளக்கினார். வடக்கே வழி என்று ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது, அந்த வீட்டுக்காரர்கள் என்றைக்கும் தெற்கே ஓடைவரம்பு வழியாகத்தான் போய்வந்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் வாதம். கோர்ட்டு அனுப்பிய வக்கீல் வந்து பார்த்தபோது வடக்கே மரச்சீனி ஆளுயரம் நின்றது. தெற்கே வரம்பு வெள்ளையாகத் தெரிந்தது. கண்டதை எழுதிக்கொண்டு போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"இனி எல்லாம் உங்க வாயிலதான்" என்றார் என் வக்கீல். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லணும், கதை சொல்லக்கூடாது, அழக்கூடாது. இந்த மூன்றையும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்.

அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். மலையாள ராஜ்யத்தில் இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், கடையடைப்பு. எங்கள் வீட்டிலும் எல்லாரும் அந்தக் கட்சிதான். விழுவதற்கு முன் என் கணவரும் கொழுந்தனும் சேர்ந்துதான் கூட்டத்துக்குப் போவார்கள், ஒரே பாட்டரி விளக்கு வெளிச்சத்தில் திரும்பி வருவார்கள். ஆனால் போராட்டம் நடந்தால் பஸ் ஓடாது, பஸ் ஓடாவிட்டால் கேசு நடக்காது. அது தெரியாமல் நான் நடந்தே நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்து, வாய்தா என்று கேட்டுவிட்டு நடந்தே திரும்பியிருக்கிறேன். அமரவிளையில் போலீஸ்காரர்கள் நிறுத்துவார்கள். தமிழச்சி தனியாக எங்கே போகிறாள் என்று சந்தேகம். "என்ன கேசு?" என்பார்கள். "வழிக்கேசு" என்பேன். மறியல் கேசு இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்குச் சலிப்பாகிவிடும். போகச் சொல்லிவிடுவார்கள்.

நடுவில் இயக்கத்துக்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். தமிழன் எல்லாரும் ஒன்றாக நிற்கவேண்டிய நேரத்தில் அண்ணன் தம்பிக்குள் கேசு எதற்கு, அதுவும் மலையாளத்துக் கோர்ட்டில், என்று தன்மையாகத்தான் பேசினார்கள். மோர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், "வேலியப் பிடுங்கச் சொல்லுங்க. நாளைக்கே வாபஸ் வாங்குதேன்" என்றேன். அவர்கள் கொழுந்தன் வீட்டுக்குப் போவார்கள் என்று வாசலில் நின்று பார்த்தேன். ஓடைவரம்பு வழியாகத் திரும்பிப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சும்மா நின்ற நாட்களில் கோர்ட்டைப் படித்தேன். முதலில் வராந்தாவில் நிற்கவேண்டும். சேவகன் வந்து மூன்று தடவை பேர் கூப்பிடுவான். பேரை அவன் கடித்துத் துப்புகிற வேகத்தில் நம் பேர் நமக்கே தெரியாது. அதனால் காதைத் தீட்டி வைத்திருக்கவேண்டும். முன்சீப்பு எசமான் வந்தால் எழுந்திருக்கவேண்டும். கூண்டில் ஏறினால் கம்பியில் சாயக்கூடாது. நாம் சொல்வதை எசமானே கையால் எழுதுவார். அவர் பேனா நிற்கும்வரை அடுத்த வார்த்தை பேசக்கூடாது. எதிர் வக்கீல் எப்போது சிரித்தபடி கேட்கிறாரோ அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இவ்வளவையும் வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்தவரிடம் சொல்லுவேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார்.

சாட்சி சொல்லும் நாள் நெருங்கியபோது அவரே ஒரு யோசனை சொன்னார். "ஏட்டி, நீ முற்றத்தில நில்லு. நான் எசமான்." தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்து நிமிர்த்தி வைத்தேன். தோளில் கறுப்புத் துண்டு ஒன்று. நான் முற்றத்தில், மேற்கே வீட்டு வாசலைப் பார்த்தபடி. அவர் எசமானாகவும் இருந்தார், எதிர் வக்கீலாகவும் இருந்தார், சேவகனாகவும் கூப்பிட்டார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ரோட்டுக்குப் போற வழி எங்கன உண்டு?"

"வடக்கே" என்று வலது கையை நீட்டுவேன்.

"கிணறு?"

"தெக்கே." இடது கை.

"நீ சொல்லுதது பொய்யாக்கும்."

"பொய் சொன்னா எனக்க நாக்கு அழுகிப் போவும் எசமானே."

"கேட்டதுக்கு மட்டும் பதில். நாக்க உள்ள வை." பிறகு கொஞ்சம் யோசிப்பதுபோல் பண்ணிவிட்டு, "சாட்சி எறங்கலாம்" என்பார். நான் போய் உலையில் கிழங்கைப் போடுவேன். தினமும் சாயங்காலம் இப்படி. எனக்கு ஒரு கேள்வியிலும் தப்பு வரவில்லை. கையும் வாயும் ஒன்றாகப் போயின. அவருக்கும் அதில் ஒரு பெருமை.

எங்கள் பக்கத்தில் வலது இடது என்று யாரும் பேசமாட்டார்கள். குடத்தைக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வை என்போம். கட்டிலில் படுத்திருப்பவரைப் புரண்டு படுக்கச் சொல்லவும் தெற்கே திரும்பு என்போம். பிறந்ததிலிருந்து திசை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது, அது எங்கே போய்விடும் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். சொந்த முற்றத்தில் நின்று படித்த பாடம் அது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த நாள் வந்தது. காலையிலேயே மழைக்கோள், சூரியன் இருக்கிற இடம் தெரியவில்லை. ஊரில் ஊர்வலம் என்று கோர்ட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டிருந்தார்கள். வக்கீல்கள் பாதிப் பேர் வரவில்லை. எசமானும் களைத்துத்தான் தெரிந்தார். என் பேரைக் கூப்பிட்டபோது காலை எடுத்து வைக்கவே அலுப்பாக இருந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானா என்று தோன்றியது. கூண்டில் ஏறி, சத்தியம் சொல்லி, என் வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கதை சொல்லவில்லை, அழவில்லை.

எதிர் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். நல்ல தமிழ் பேசினார். "வழி எந்தப் பக்கம்மா? கையைக் காட்டிச் சொல்லுங்க."

"வடக்கே" என்று வலது கையை நீட்டினேன்.

"நீங்க காட்டுறது தெற்கு அல்லவா?"

யாரோ சிரித்தார்கள். நான் கையைப் பார்த்தேன். வீட்டில் இதே கைதான், இதே பக்கம்தான். ஜன்னல் சாத்திக் கிடந்தது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. "வாய் சொல்றது சரியா, கை சொல்றது சரியா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். எனக்கு வாயைவிடக் கையில்தான் நம்பிக்கை. அவருடைய நாற்காலியின் ஒரு காலைத் தூக்கின கை அது. "கை காட்டுன பக்கம்தான் வழி" என்றேன்.

"அப்போ தெற்கே?"

"கை தெக்கே காட்டுச்சுன்னா தெக்கே."

எசமான் எழுதினார். என் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேனா ஓடுகிற சத்தம் கேட்டபோதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. தெற்கே என்றால் ஓடைவரம்பு. கொழுந்தன் சொல்வதை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். கட்டிலில் கறுப்புத் துண்டோடு காத்திருப்பவரிடம் போய் இதை எப்படிச் சொல்லுவேன் என்று நினைத்தேன். நினைத்ததும் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"எசமானே, எனக்கு இஞ்ச திசை தெரியல்ல. நான் வீட்டில வேற பக்கமாட்டு நின்னு படிச்சேன். திரும்பி நிக்கட்டா?"

எதிர் வக்கீல் எழுந்து, சாட்சி கோர்ட்டுக்கு முதுகு காட்டுவது மரியாதை இல்லை என்றார். எசமான் பேனாவைக் கீழே வைத்தார். கோர்ட்டுக்கு முகம் வேண்டாம், பதில் போதும் என்று மலையாளத்தில் சொன்னார்.

நான் திரும்பினேன். இப்போது எசமான் எனக்குப் பின்னால். முன்னால் நீளமான அறையும் கடைசியில் வாசலும். முற்றத்தில் நின்று அவரைப் பார்ப்பதுபோலவே இருந்தது. கை தானாக எழுந்தது. வடக்கு வடக்காகவே இருந்தது. இனி எந்தக் கேள்விக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வக்கீல் சொல்லி வைத்த மூன்றில் ஒன்றை மீறினேன்.

"இந்தப் பக்கமாக்கும் வழி. பிலாவுக்குக் கீழ வந்து கிழக்கோட்டு ஒரு கல்லு கெடக்கும், அதில கால் தட்டாம வரணும். நான் கல்யாணம் கழிஞ்சு வந்தப்ப தட்டிச்சு. அவரு பனையில இருந்து விழுந்த அன்னைக்குக் கதவுப் பலகையில கெடத்தி இந்த வழியாத்தான் கொண்டுவந்தாவ. நாலு பேரு தூக்குனாவ. அந்தக் கல்லுகிட்ட வந்தப்ப பலகை சரிஞ்சுது. தலைப்பக்கம் பிடிச்சது எனக்க கொழுந்தன். அவரு முட்டு குத்தித் தாங்கலேன்னா அன்னைக்கே ஆளு தீர்ந்திருக்கும்."

வாசல் பக்கத்து பெஞ்சில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். திரும்பி நின்றதால் நான் நேராக அவர் முகத்தைத்தான் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். எங்கள் வீடுகளில் பழைய சங்கதி பேசும்போது ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்துவாரே, அதே குரல்தான்.

"தலைப்பக்கம் வைத்தியருக்க மகனாக்கும் மைனி. நான் கால்பக்கம்லா பிடிச்சேன். எனக்க முட்டிலதான் கல்லு குத்திச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் நிற்பது கோர்ட்டு என்பது அவருக்கு உறைத்தது. அவர் வக்கீல் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் எசமான் குரல் கேட்டது. எந்த வழியாக, என்று கேட்டார். கொழுந்தன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினார். எசமானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"வடக்கு வழியாட்டுதான்" என்றார்.

பேனா மறுபடியும் ஓடியது. பிறகு வேறொரு வாய்தாவில் அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோதும் அவர் அதை மாற்றவில்லை. என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு அவ்வளவுதான். எசமான் எழுந்து உள்ளே போனார். கிளார்க் என்னைப் பார்த்து, ஈ ஓட்டுவதுபோல் கையை அசைத்தார். போகலாமா, நிற்கணுமா என்று தெரியாமல் கூண்டிலேயே கொஞ்சநேரம் நின்றேன். கடைசியில் நானாகவே இறங்கி வந்தேன்.

அன்றோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. வாதம் என்று ஒரு வாய்தா, அது நடக்காமல் இன்னொரு வாய்தா, தீர்ப்பு எழுதவில்லை என்று இன்னொன்று. அதற்குள் எல்லையே முடிவாகிவிட்டது. பக்கத்துத் தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது. நாங்கள் மலையாளத்துப் பக்கமே நின்றோம். ஊரே துக்கவீடு மாதிரி கிடந்தது. கொழுந்தன் நாலைந்து நாள் வெளியே வரவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், வருத்தப்படக்கூட எனக்குத் தெம்பு மிச்சமில்லை. என் மனசு முழுக்க ஒரு நாற்காலி போகிற அகலத்தில்தான் இருந்தது.

கடைசியில் எங்கள் பக்கம் தீர்ப்பானது. கோர்ட்டு ஆள் வந்து வேலியைப் பிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் வருவதற்கு முன்பே ஒருநாள் காலை மரச்சீனி பிடுங்குகிற சத்தம் கேட்டது. கொழுந்தன் தனியாகக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். முற்றாத கிழங்கு. இரண்டு பேருக்கும் பேசிச் சலித்திருந்தது. மத்தியானம் ஒரு கூடைக் கிழங்கு எங்கள் வாசலில் இருந்தது. தூக்கி எறியலாமா என்று யோசித்தேன். பிறகு அவித்தேன்.

மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாற்காலியை எடுத்தோம். தூக்குவதற்கு ஆள் கூப்பிட்டிருந்தேன். மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். நான்காவது ஆளாக நானே குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என்னை விலக்கிற்று. கொழுந்தன். கால்பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்து மெலிந்துபோயிருந்த அண்ணனின் பாதத்தை இடது கையால் தாங்கி, நாற்காலிக் காலோடு சேர்த்துப் பிடித்தார்.

நான் முன்னால் குடையோடு நடந்தேன். கல் இருந்த இடத்தில், "பாத்து, கல்லு" என்றேன். "தெரியும் மைனி" என்றார் கொழுந்தன். ரோட்டில் வாடகைக் கார் நின்றது. விளைக்கு வெளியே, வேலி இருந்த இடத்தைத் தாண்டியதும், என் கணவர் நாற்காலியை இறக்கச் சொன்னார். ரோட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர்மேல் வெயில் பட்டது. பிறகு திரும்பி என்னைப் பார்த்து, முற்றத்தில் கேட்ட அதே குரலில் சொன்னார்:

"சாட்சி எறங்கலாம்."

கோர்ட்டில் அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான் எங்கேயோ ஏறி நின்றபடியே இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குடையை மடக்கினேன். கார்க்காரன் ஹாரன் அடித்தான். நான் அந்த வழியோரத்து மண்ணிலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கப் பார்க்க, என் ஆசை தீர அழுதேன்.